ஆண் மூளை, பெண் மூளை: இடப்பக்கமும் வலப்பக்கமும்



பக்கவாதம் வந்தவரைப் பார்க்கப் போகும் உறவினர்கள் இரண்டு கேள்விகளைத் தவறாமல் கேட்பார்கள். "எந்தப் பக்கம் இழுத்துக்கிச்சு?" என்பது ஒன்று. "பேச்சு வருதா?" என்பது அடுத்தது. வலக்கையும் வலக்காலும் விழுந்தால் பேச்சும் சேர்ந்து போவதை நம் வீட்டுப் பெரியவர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். உடலின் வலப்பக்கத்தை இயக்குவது மூளையின் இடது அரைக்கோளம். வலக்கைப் பழக்கமுள்ளவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் பேச்சையும் அதுவே ஆள்கிறது. இடக்கைப் பழக்கமுள்ளவர்களிலும் பெரும்பாலோருக்கு அப்படித்தான். இடத்தை உணர்வதிலும் முகங்களை அடையாளம் காண்பதிலும் வலது அரைக்கோளத்துக்குப் பங்கு கூடுதல். வேலை இப்படிச் சமமின்றிப் பிரிந்திருப்பதைப் பக்கச் சார்பு என்று இந்த உரையில் சொல்லிக்கொண்டு போகிறேன்.

பக்கச் சார்பு இருப்பதில் ஐயமே இல்லை. அதன்மேல் கட்டப்பட்ட ஒரு வாதத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். ஆணின் மூளையில் இந்தப் பிரிவினை கறாரானது, பெண்ணின் மூளையில் இரண்டு பக்கமும் கலந்து வேலை செய்கின்றன, அதனால்தான் பெண்ணுக்குப் பேச்சு நன்றாக வருகிறது, ஆணுக்கு வரைபடமும் கணக்கும் வருகின்றன என்பது அந்த வாதம். இதற்குள் மூன்று கூற்றுகள் இருக்கின்றன. மூளை வேறு என்பது முதலாவது. திறமை வேறு என்பது இரண்டாவது. முன்னதுதான் பின்னதற்குக் காரணம் என்பது மூன்றாவது. முதல் கூற்றுக்கான சான்று மெலிந்துகொண்டே வந்திருக்கிறது. இரண்டாவது சில சோதனைகளில் உண்மை, பல சோதனைகளில் இல்லை. மூன்றாவதை இதுவரை யாரும் மெய்ப்பிக்கவில்லை. ஆனால் பள்ளிக்கும் வீட்டுக்கும் வந்து சேர்வது இந்த மூன்றாவதுதான். எனக்குக் கவலை தருவதும் அதுவே.

1861இல் பாரிசின் பிசேத்ர் மருத்துவமனையில் லெபோர்ன் என்ற நோயாளி இறந்தார். பல ஆண்டுகளாக 'தான்' என்ற ஓர் அசையைத் தவிர வேறெதையும் சொல்ல முடியாதவர் அவர். மருத்துவர் பால் புரோக்கா அவருடைய மூளையைப் பரிசோதித்து, இடது முன்மடலில் சேதத்தைக் கண்டார். மேலும் பல நோயாளிகளைப் பார்த்த பிறகு, பேச்சு இடது அரைக்கோளத்தின் வேலை என்று 1865இல் உறுதியாக எழுதினார். நரம்பியலின் பெரிய கண்டுபிடிப்புகளில் இதுவும் ஒன்று. அதே புரோக்கா பாரிஸ் மருத்துவமனைகளில் இறந்தவர்களின் மூளைகளை எடைபோட்டும் வந்தார். 292 ஆண் மூளைகளின் சராசரி 1325 கிராம், 140 பெண் மூளைகளின் சராசரி 1144 கிராம். உடல் சிறிதானால் மூளையும் சிறிதாகும் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்திருந்தும், பெண்கள் சராசரியாகச் சற்று அறிவு குறைந்தவர்கள் என்பதை முன்பே தெரிந்த செய்தியாக வைத்துக்கொண்டு, எடை வேறுபாட்டில் ஒரு பங்குக்கு அதைக் காரணமாக்கினார். எதை நிறுவ வேண்டுமோ அதையே சான்றாக வைத்துவிட்டார். லெபோர்னின் மூளையில் அத்தனை கவனமாகச் சான்று தேடிய கண், பெண்களின் மூளையைப் பார்த்தபோது அந்தக் கவனத்தை விட்டுவிட்டது. இந்தத் துறையின் பிற்கால வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் புரோக்காவின் இந்த இரண்டு கண்களும் நினைவுக்கு வருகின்றன.

எடையை வைத்த வாதம் இருபதாம் நூற்றாண்டில் வலுவிழந்தது. அந்த இடத்துக்குப் பக்கச் சார்பு வந்தது. 1961இல் மாண்ட்ரியலில் டோரீன் கிமுரா ஓர் எளிய சோதனையைப் புகழ்பெறச் செய்தார். காதொலிக் கருவியை மாட்டி, வலக்காதில் ஒரு சொல்லும் இடக்காதில் வேறொரு சொல்லும் ஒரே நொடியில் ஒலிக்கச் செய்வார்கள். பெரும்பாலோர் வலக்காதில் விழுந்ததை அதிகம் சரியாகச் சொல்வார்கள். வலக்காதின் செய்தி இடது அரைக்கோளத்துக்கு வலுவாகப் போய்ச் சேர்வதே காரணம். மண்டையைத் திறக்காமலே பேச்சு எந்தப் பக்கம் என்று ஊகிக்க வழி பிறந்தது. ஆண்களிடம் இந்த வலக்காதுச் சாய்வு சற்றுக் கூடுதல் என்று சில ஆய்வுகள் சொல்லின. அதற்கு நேர்மாறாகவும் சில சொல்லின.

1970களின் பிற்பகுதியில் கனடாவின் ஜானெட் மெக்ளோன் நோயாளிகளிடமிருந்து ஒரு சான்றைக் கொண்டுவந்தார். இடது அரைக்கோளம் சேதமானபோது பேச்சிழப்பு பெண்களைவிட ஆண்களிடம் பல மடங்கு அதிகம் காணப்பட்டது. அப்படியானால் பெண்களுக்கு வலப்பக்கத்திலும் பேச்சு இருக்கிறது என்று பலர் முடிவு கட்டினார்கள். இதைக் கேள்விக்குட்படுத்தியவர் கிமுராவேதான். பேச்சு இரண்டு பக்கமும் இருந்தால் வலது அரைக்கோளம் சேதமான பெண்களிடமும் பேச்சிழப்பு கணிசமாகத் தெரிய வேண்டுமே, தெரியவில்லையே என்று அவர் பார்த்தார். இடது அரைக்கோளத்துக்குள்ளேயே எந்த இடத்தில் சேதம் என்று பிரித்துப் பார்த்தபோது, பெண்களுக்கு முன்பகுதிச் சேதத்தாலும் ஆண்களுக்குப் பின்பகுதிச் சேதத்தாலும் பேச்சு அதிகம் பாதிக்கப்பட்டிருந்தது. குறிப்பிட்ட இடத்தோடு நின்றுவிடும் சேதங்கள் பின்பகுதியில் அதிகம் நேர்வதால், ஆண்களின் எண்ணிக்கை கூடித் தெரிந்திருக்கலாம் என்றார். ஆண்–பெண் அறிவுத்திறன் வேறுபாடு உண்டு என்று கடைசிவரை வாதிட்டவர் கிமுரா. தன் பக்க வாதத்துக்கு உதவக்கூடிய ஒரு முடிவையே அவர் இப்படிச் சல்லடை போட்டுச் சலித்தது என் மாணவர்களுக்கு நான் எப்போதும் சுட்டிக்காட்டுகிற நேர்மை.

அந்தக் காலக் கோட்பாடுகளில் ஒரு வினோதம் உண்டு. ஜெர்ரி லெவி என்ற உளவியலாளர், மொழி இரண்டு அரைக்கோளங்களிலும் பரவினால் வலப்பக்கத்தில் இடவுணர்வுக்கு உரிய இடம் நெருக்கடியாகும் என்றார். பெண்களுக்கு மொழி பரவியிருப்பதால் இடவுணர்வில் குறை என்பது அதிலிருந்து வந்த முடிவு. 1972இல் பஃபரியும் கிரேயும் தலைகீழாகச் சொன்னார்கள். பெண்களுக்குத்தான் பக்கச் சார்பு அதிகம், இடவுணர்வு நன்றாக அமைய அது இரண்டு பக்கமும் பரவியிருக்க வேண்டும், ஆகவே பெண்களுக்கு இடவுணர்வில் குறை. மூளையைப் பற்றிய இரண்டு கூற்றுகளும் ஒன்றையொன்று மறுக்கின்றன, ஆனால் பெண்ணைப் பற்றிய தீர்ப்பு இரண்டிலும் ஒன்றே. முன்னுரை எதுவானாலும் முடிவுரை மாறாத ஒரு கோட்பாட்டை எந்தச் சோதனையாலும் தோற்கடிக்க முடியாது. தோற்கடிக்க வழியே இல்லாத கோட்பாடு அறிவியலுக்குள் வராது.

பிறகு படமெடுக்கும் கருவிகள் வந்தன. 1995இல் யேல் பல்கலைக்கழகத்தின் சாலி ஷேவிட்ஸ், பென்னட் ஷேவிட்ஸ் குழுவினரின் கட்டுரை 'நேச்சர்' இதழில் வெளியானது. 19 ஆண்கள், 19 பெண்கள். எஃப்.எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுத்தபடி, திரையில் தெரியும் பொருளற்ற இரண்டு சொற்கள் ஒலியில் இயைகின்றனவா என்று சொல்ல வேண்டும். ஆண்களிடம் இடது முன்மடலின் கீழ்ப்பகுதியில் செயல்பாடு தெரிந்தது. பெண்களில் 11 பேரிடம் இரண்டு பக்கமும் தெரிந்தது. செய்தித்தாள்கள் இதைக் கொண்டாடின, பாடநூல்களுக்குள்ளும் இது புகுந்தது. மீதி எட்டுப் பெண்களின் மூளை ஆண்களின் மூளையைப் போலவே இருந்ததைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை. கொடுத்த பல பயிற்சிகளில் ஒலியியைபுப் பயிற்சியில் மட்டும்தான் வேறுபாடு தெரிந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தப் பயிற்சியை ஆண்களும் பெண்களும் ஒரே அளவு திறமையாகச் செய்திருந்தார்கள். மூளைப் படத்தில் வேறுபாடு, செயலில் வேறுபாடில்லை. நான் முன்பு சொன்ன மூன்றாவது கூற்றுக்கு இந்த ஆய்வே எதிர்ச்சாட்சி. ஆனால் உலகம் இதை ஆதரவுச் சாட்சியாக எடுத்துக்கொண்டது.

1999இல் ஃபிராஸ்ட் குழுவினர் 50 ஆண்களையும் 50 பெண்களையும் மொழிப் பயிற்சி ஒன்றில் ஒப்பிட்டார்கள். இரு பாலாரிடமும் இடப்பக்கம் ஓங்கி நின்றது, வேறுபாடு தெரியவில்லை. 2000இல் ஜெர்மனியின் நெக்ட் குழுவினர் வலக்கைப் பழக்கமுள்ள 188 பேரின் மூளை இரத்த ஓட்டத்தை அளந்தார்கள். மொழி வலப்பக்கத்தில் அமைந்தவர்கள் நூற்றுக்கு ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ஆண்களிலும் பெண்களிலும் அந்த விகிதம் ஒன்றேதான். 2004இல் நெதர்லாந்தின் ஐரிஸ் சோமர் குழுவினர், அதுவரை வந்த படமெடுப்பு ஆய்வுகளில் 14ஐத் தொகுத்தார்கள். 377 ஆண்கள், 442 பெண்கள். மொழியின் பக்கச் சார்பில் பால் வேறுபாடு காணப்படவில்லை. காதுச் சோதனைகளைத் தொகுத்தவர்களுக்கு ஆண்கள் பக்கம் ஒரு சிறு சாய்வு கிடைத்திருக்கிறது. அது ஆயிரக்கணக்கானோரைச் சேர்த்துப் பார்த்தால்தான் கண்ணில் படும் அளவு சிறியது.

இரண்டு அரைக்கோளங்களையும் இணைக்கும் கார்பஸ் கலோசம் என்ற நரம்பிழைப் பட்டைக்கும் இதே கதிதான் நேர்ந்தது. 1982இல் 14 மூளைகளை, அதாவது ஒன்பது ஆண், ஐந்து பெண் மூளைகளை அறுத்துப் பார்த்து, பெண்களுக்கு அதன் பின்முனை பெரிது என்று ஆய்வாளர்கள் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். 1997இல் பிஷப்பும் வால்ஸ்டனும் 49 ஆய்வுகளைத் தொகுத்தபோது அந்த வேறுபாடு நிற்கவில்லை. பதினான்கு மூளைகளிலிருந்து கிளம்பிய செய்தியை இன்றும் மேடைகளில் கேட்கிறேன்.

திறமைக்கு வருவோம். வேறுபாடே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. கனசதுரங்களை அடுக்கிய ஓர் உருவத்தைக் காட்டி, அதை மனத்துக்குள் சுழற்றினால் எந்த உருவத்தோடு பொருந்தும் என்று கேட்பது மனச்சுழற்சிச் சோதனை. ஷெப்பர்டும் மெட்ஸ்லரும் 1971இல் தந்தது. இதில் ஆண்களின் சராசரி உயர்ந்தே இருக்கிறது. 1995இல் வோயர் குழுவினர் தொகுத்த கணக்கில் இடைவெளி அரைத் திட்ட விலக்கத்துக்குச் சற்று மேல். அதன் பொருளை நிதானமாகப் பார்க்க வேண்டும். பெண்களின் சராசரியை 100 ஆண்களில் ஏறக்குறைய 70 பேர் தாண்டுவார்கள், 30 பேர் தாண்டமாட்டார்கள். ஆண்களின் சராசரியை 100 பெண்களில் ஏறக்குறைய 30 பேர் தாண்டுவார்கள். அறிவுத்திறன் சோதனைகளில் தெரியும் பால் வேறுபாடுகளில் இது பெரியவற்றுள் ஒன்று. அப்படியிருந்தும், எதிரில் உட்கார்ந்திருக்கிற ஒரு மாணவியின் திறமையை அவள் பெண் என்ற ஒரு செய்தியைக் கொண்டு கணிக்கப் போனால் அடிக்கடி தவறுவோம். மொழித்திறனில் இடைவெளி இன்னும் சுருங்குகிறது. ஜேனட் ஹைடும் மார்சியா லின்னும் 1988இல் 165 ஆய்வுகளைத் தொகுத்தபோது பெண்கள் பக்கம் கிடைத்தது 0.11 திட்ட விலக்கம்தான். நூறு பெண்களில் 54 பேர் ஆண்களின் சராசரிக்கு மேலே. பெண்ணுக்குப் பேச்சு என்று உலகமே சொல்லிவரும் வாதத்தின் அளவு இவ்வளவே.

மனச்சுழற்சி இடைவெளியும் கல்லில் வெட்டியது இல்லை. 2007இல் டொரண்டோ பல்கலைக்கழகத்தில் ஃபெங், ஸ்பென்ஸ், பிராட் ஆகியோர் மாணவர்களைப் பத்து மணி நேரம் அதிரடிக் கணினி விளையாட்டு ஆட வைத்தார்கள். ஆண்களைவிடப் பெண்களின் முன்னேற்றம் அதிகம், இடைவெளி சுருங்கியது. பத்து மணி நேரத்தில் சுருங்கும் ஒன்றை அரைக்கோளத்தின் பிறவி அமைப்பு என்று எப்படிச் சொல்வது?

என் மனத்துக்கு மிக நெருக்கமான சான்று நம் நாட்டின் வடகிழக்கிலிருந்து வருகிறது. மேகாலயப் பகுதியில் காஸி மக்களும் கார்பி மக்களும் அடுத்தடுத்து வாழ்கிறார்கள். காஸிகளிடம் சொத்து தாய்வழியில் இறங்குகிறது, கடைசி மகளுக்கே முதன்மைப் பங்கு. கார்பிகளிடம் சொத்து ஆண்வழி. மற்றபடி வாழ்க்கைமுறையில் ஒத்தவர்கள். ஹாஃப்மன், நீசி, லிஸ்ட் என்ற மூவர் இந்தச் சிற்றூர்களில் ஏறக்குறைய 1300 பேரிடம் நான்கு துண்டுகளைச் சேர்த்துப் படமாக்கும் ஒரு புதிரைக் கொடுத்தார்கள். விரைவாக முடித்தால் கூடுதல் பணம். 2011இல் வெளியான முடிவு இது: கார்பிகளில் பெண்களுக்கு ஆண்களைவிட ஏறக்குறைய 36 விழுக்காடு அதிக நேரம் ஆனது, காஸிகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை. இடைவெளியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பள்ளிப்படிப்பின் வேறுபாட்டோடு போயிற்று. இந்த ஓர் ஆய்வை வைத்து எல்லாம் வளர்ப்புதான் என்று நான் வாதிடமாட்டேன், ஒரு புதிரின் நேரத்தை இடவுணர்வு முழுவதற்கும் அளவுகோலாக்க முடியாது. ஆனால் வீடும் நிலமும் யார் பெயரில் என்பதோடு சேர்ந்து இந்த இடைவெளியும் மாறுகிறது என்றால், பக்கச் சார்பை மட்டும் காரணமாகச் சொல்பவர்கள் இதற்கு விளக்கம் தர வேண்டும்.

எந்தச் சோதனை இடவுணர்வைக் குறிக்கிறது என்று தீர்மானித்தது யார் என்ற கேள்வியும் இருக்கிறது. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனும் 1974இல் கோலங்களை ஆராய்ந்து கணினியியலில் ஒரு கட்டுரை எழுதினார்கள். புள்ளிகளைச் சுற்றி இழை ஓடும் விதிகளை அணி இலக்கணம் என்ற கணித வடிவில் விவரித்தார்கள். அந்த விதிகளை மனத்தில் வைத்துக்கொண்டு, நான்கு பக்கச் சமச்சீர் கெடாமல், தொடங்கிய புள்ளிக்கே கோட்டைக் கொண்டுவந்து முடிக்கும் திறமை நம் பெண்களிடம் தலைமுறைகளாக இருக்கிறது. இதுவும் இடவுணர்வுதான். பெயர்பெற்ற இடவுணர்வுத் தேர்வுத்தாள்களில் கனசதுர அடுக்கு இருக்கிறது, காகித மடிப்பு இருக்கிறது, கோலம் இல்லை.

2013 டிசம்பரில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொரு கட்டுரை வந்தது. முதல் ஆசிரியர் மதுரா இங்கல்ஹலிகர், குழுவை நடத்தியவர் ராகினி வர்மா. 8 முதல் 22 வயது வரையான 949 பேரின் மூளையில் நரம்பிழைப் பாதைகளை வரைந்திருந்தார்கள். ஆண்களிடம் ஒவ்வோர் அரைக்கோளத்துக்கு உள்ளேயும், பெண்களிடம் இரண்டு அரைக்கோளங்களுக்கு இடையிலும் இணைப்புகள் கூடுதல் என்பது முடிவு. ஆண்களுக்கு நீல நிறக் கோடுகள், பெண்களுக்குச் செம்மஞ்சள் கோடுகள் என்று அமைந்த அந்தப் படம் உலகைச் சுற்றியது. வரைபடம் படிப்பது ஆண், பல வேலைகளை ஒரே நேரத்தில் பார்ப்பது பெண் என்று பத்திரிகைகள் எழுதின. அந்த ஆய்வில் யாரும் வரைபடம் படிக்கவில்லை. இழைகளின் வழியே நீர்மூலக்கூறுகள் நகர்வதை அளந்து பெற்ற கணக்கு அது. அடுத்த ஆண்டே சூரிச்சின் ஹங்கி, யான்கே குழுவினர், பெரிய மூளைகளில் அரைக்கோளத்துக்கு உள்ளான இணைப்புகளின் பங்கு கூடுகிறது, அது ஆண் மூளையானாலும் பெண் மூளையானாலும் அப்படித்தான் என்று காட்டினார்கள். புரோக்கா எடைபோட்டபோது நழுவவிட்ட அதே உடல் அளவுப் பிரச்சினை 150 ஆண்டுகள் கழித்து வேறு கருவியோடு திரும்பி வந்திருந்தது. 2021இல் லிஸ் எலியட் குழுவினர் முப்பதாண்டு ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னதும் இதுவே. மூளையின் மொத்த அளவைக் கணக்கில் எடுத்தால், பால் என்ற ஒன்றால் விளங்கும் வேறுபாடு ஏறத்தாழ ஒரு விழுக்காடு.

இத்தனையும் சொன்னதால் ஆண்–பெண் வேறுபாட்டை ஆராயவே கூடாது என்று யாரும் கொள்ள வேண்டாம். தூக்க மருந்தான ஸோல்பிடெம் பெண்களின் உடலிலிருந்து மெதுவாக வெளியேறுகிறது என்று கண்டு, 2013இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் பெண்களுக்குப் பரிந்துரைக்கும் அளவைப் பாதியாகக் குறைத்தது. அதுவரை ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவு. பக்கவாதம் பெண்களுக்குச் சராசரியாக ஆண்களைவிடப் பிந்திய வயதில் வருகிறது. பேச்சுப் பயிற்சியைத் திட்டமிடுபவர்கள் அதைக் கணக்கில் எடுத்தாக வேண்டும். இடக்கைப் பழக்கம் ஆண்களிடம் சற்று அதிகம் என்பது பதினேழு லட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்ட தொகுப்பில் உறுதியான செய்தி. கேட்க வேண்டிய கேள்விகள் ஏராளம். யாருக்கு எது வராது என்று முன்கூட்டியே எழுதிவைக்க அவற்றைப் பயன்படுத்துவதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

நம் ஊர்களில் இது வெறும் ஏட்டு விவாதமாக நிற்கவில்லை. குழந்தையின் கைரேகையை எடுத்து இடமூளை இத்தனை விழுக்காடு, வலமூளை இத்தனை விழுக்காடு என்று அச்சிட்டுக் கொடுக்கும் நிலையங்கள் இருக்கின்றன. வலமூளையைத் தட்டி எழுப்பும் விடுமுறை வகுப்புகள் இருக்கின்றன. விரல் நுனி ரேகைக்கும் அரைக்கோளங்களின் வேலைப் பங்கீட்டுக்கும் இப்படி ஒரு கணக்குப் போட எந்த அறிவியல் அடிப்படையும் கிடையாது. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு மகளுக்கு எந்தப் பாடப்பிரிவு என்று பெற்றோர் முடிவெடுப்பதைக் காணும்போது எனக்குக் கோபம் வருகிறது. இன்னொரு பக்கம், பிளஸ் டூ தேர்ச்சி விழுக்காட்டில் மாணவிகள் ஆண்டுதோறும் முந்தி நிற்பதைப் பெண் மூளையின் வெற்றி என்று புகழ்கிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அதுவும் ஏற்பில்லை. அந்தப் பெண்கள் உட்கார்ந்து படித்ததை மூளையின் கணக்கில் வரவு வைப்பது அவர்களுக்குச் செய்யும் அநீதி.

ஆய்வு மாணவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் கல்வியியல், உளவியல் துறைகளில் எம்.எட். ஆய்வேடுகள், அண்மைவரை இருந்த எம்.ஃபில். ஆய்வேடுகள் ஆகியவற்றுள் பெரும்பாலானவற்றில் பாலினத்துக்கென்று ஒரு கருதுகோள் உண்டு. ஆண், பெண் மாணவர்களிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று எழுதி, டி-சோதனை போட்டு, ஓர் அட்டவணை வைப்போம். அந்தக் கேள்வி ஏன் அங்கே இருக்கிறது என்று வழிகாட்டியும் கேட்பதில்லை, தேர்வாளரும் கேட்பதில்லை. நானும் அப்படிப்பட்ட எத்தனையோ ஏடுகளில் கையெழுத்திட்டிருக்கிறேன். வேறுபாடு தெரிந்தால் அது கட்டுரையாகி இதழுக்குப் போகிறது. தெரியாவிட்டால் ஆய்வேட்டோடு நூலக அலமாரியில் தங்கிவிடுகிறது. உலக அளவிலும் இந்தத் துறையை இவ்வளவு காலம் திசைதிருப்பியது இதே பழக்கம்தான். வேறுபாடில்லை என்று முடிந்த ஆய்வுகள் அச்சேறாமல் போனதால், பத்தொன்பதும் பத்தொன்பதுமாகச் செய்த ஓர் ஆய்வின் குரல் பல ஆண்டுகள் ஓங்கி ஒலித்தது.

ஆகவே என் வேண்டுகோள் இது. பால் வேறுபாட்டை அளக்கக் காரணம் இருந்தால் மட்டும் அளவிடுங்கள். அளந்தால், முக்கியத்துவ அளவோடு நிறுத்தாமல் இடைவெளியின் அளவையும் எழுதுங்கள், இரண்டு பரவல்களும் ஒன்றன்மேல் ஒன்றாக எவ்வளவு படிகின்றன என்பதைப் படமாகப் போடுங்கள். வேறுபாடில்லை என்று வந்த முடிவையும் அதே அக்கறையோடு கட்டுரையாக்கி அனுப்புங்கள். இங்கே அமர்ந்திருக்கிற பேராசிரியர்களும் இதழாசிரியர்களும் அப்படி ஒரு கட்டுரை வரும்போது, புதிதாக ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பாமல் அச்சிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.